வண்டி விலை இறங்கியிருக்கிறது, பார்ட்ஸ் விலை இறங்கவில்லை: வாசகர் கேள்விகளுக்கு மெக்கானிக் பதில்

கேள்வி: பத்து வயதான சொகுசு எஸ்.யூ.வி. ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. டீசல், 1,20,000 கி.மீ. ஓடியிருக்கிறது. புதிய சின்னக் காரின் விலைதான் சொல்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஆசை. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், தாராளமாக. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்தில் விலை இறங்கியது வண்டிக்குத்தான். அதன் பிரேக் டிஸ்க்குக்கு இறங்கவில்லை, ஹெட்லைட்டுக்கு இறங்கவில்லை, வேலை செய்யும் கைக்கும் இறங்கவில்லை. 2 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை நிறுத்த எவ்வளவு பெரிய டிஸ்க் வேண்டுமோ, அவ்வளவு பெரியதுதான் இன்றும் வேண்டும். அதனால் நான் சொல்லும் கணக்கு இது: வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். அது கையில் இல்லையென்றால் இப்போதைக்கு இந்த வண்டி வேண்டாம்.

பார்க்கப் போகும்போது, இன்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் ஆனதும் முதல் இரண்டு மூன்று வினாடி ‘கரகர’வென்று சங்கிலி உரசும் சத்தம் வந்து அடங்கினால், இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினையும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சந்தேகப்படுங்கள். சில இன்ஜின்களில் அந்தச் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும். அங்கே கை போக வேண்டுமென்றால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். செயின் விலையை விடக் கூலி அதிகமாகிவிடும்.

அப்புறம் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். இந்த வகை வண்டிகளில் அது ஓடும் பிளாஸ்டிக் குழாய்கள் ஏராளம். பல வருடச் சூட்டில் அவை பிஸ்கட் மாதிரி நொறுங்கும். எட்டு சிலிண்டர் (வி8) இன்ஜின் கொண்ட முதல் தலைமுறை போர்ஷே கேயென் இதற்குப் பேர்போன உதாரணம். கூலன்ட் குழாய்கள் இன்ஜினின் நடுப்பள்ளத்தில், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும். விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது. அவற்றை அலுமினியக் குழாயாக மாற்றியாயிற்றா என்பதுதான் அந்த வண்டியை வாங்குபவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

நீங்கள் பார்ப்பது டீசல் என்பதால், பழைய உரிமையாளர் அதை எப்படி ஓட்டினார் என்றும் கேளுங்கள். தினமும் ஐந்து கி.மீ. போய்வந்த வண்டி என்றால் புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் அடைத்திருக்க வாய்ப்பு உண்டு. தேங்கிய கரியை எரிக்க ஃபில்டருக்குள் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும், குறைந்த தூர ஓட்டத்தில் அது கிடைக்காது. கூடுதல் டீசல் விட்டு எரிக்கப் பார்த்துப் பாதியில் நின்றால், எரியாத அந்த டீசல் இன்ஜின் ஆயிலோடு கலக்கும். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள்.

சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இருந்தால் மட்டும் போதாது, பில் கேளுங்கள். முக்கியமாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில். ‘வாழ்நாளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்பார்கள். இந்த வண்டிகள் பலவற்றுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. நீங்கள் பார்க்கும் வண்டி அந்த எல்லையில் நிற்கிறது. பில் இல்லையென்றால் அந்தச் செலவைப் பேரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் வண்டியில் ஏர் சஸ்பென்ஷன், இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் ஸ்பிரிங். சில மாதமாகக் காலையில் பார்த்தால் முன்பக்க இடது மூலை மட்டும் இறங்கி நிற்கும், ஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடும். நேற்று எழவே இல்லை. காற்றடிக்கும் கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கம்ப்ரஸர் போயிருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது எதனால் போனது என்று யாராவது பார்த்தார்களா? நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. மாதக்கணக்காக ஒரே மூலை இறங்குகிறது என்றால் அங்கே காற்று கசிகிறது. ராத்திரி இழந்த காற்றைத் தினமும் காலையில் கம்ப்ரஸர்தான் திரும்ப நிரப்பியது. கொஞ்ச நேரம் ஓடி ஓய்வெடுக்க வேண்டிய சின்ன மோட்டார் அது. விடாமல் ஓடவிட்டால் சூடேறிக் கருகிவிடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே தவறைச் செய்தேன். கம்ப்ரஸரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். ஐந்தே மாதத்தில் வண்டி அதே மூலை தரையைத் தொடும்படி திரும்பி வந்தது. புதுக் கம்ப்ரஸரும் கருகியிருந்தது. அவரிடம் எப்படிப் பணம் கேட்பது? இரண்டாவதை என் செலவில் போட்டேன். அன்றிலிருந்து சோப்புத் தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே பாட்டில் இல்லாமல் நான் ஏர் சஸ்பென்ஷன் வண்டியின் பக்கம் போவதில்லை.

கசிவு எங்கே இருக்கும் என்றும் சொல்கிறேன். ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் கீழ்ப்பக்கம் சட்டைக் கையை மடித்துவிட்ட மாதிரி உள்நோக்கி மடங்கியிருக்கும். வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த மடிப்பு உருளும். விரிசல் பெரும்பாலும் அந்த மடிப்பில்தான். வண்டி இறங்கி நிற்கும்போது அது உள்ளே ஒளிந்துகொள்ளும், உயர்த்தினால்தான் தெரியும். உயர்த்திச் சோப்புத் தண்ணீர் அடித்தால், கசியும் இடத்தில் குமிழ் மெதுவாக ஊதிக்கொண்டு வரும். ரப்பரில் இல்லையென்றால் மேலே காற்றுக்குழாய் சேரும் இடம், அதுவும் இல்லையென்றால் ஒவ்வொரு மூலைக்கும் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக். இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். தயவுசெய்து காற்றை மட்டும் நம்பி நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் யாரும் கீழே போக வேண்டும்.

ரப்பர்தான் என்றால் முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒரே வயதுள்ள இன்னொன்றும் அதிக நாள் தாங்காது. கம்ப்ரஸரும் மாற்ற வேண்டி வந்தால், அதை ஓட வைத்து நிறுத்தும் மின் சுவிட்சான ரிலேயையும் கூடவே மாற்றுங்கள். மிகச் சின்னச் செலவு அது. பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புதுக் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும்.

கேள்வி: நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. ஒரு டயர் கிழிந்துவிட்டது. மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன?

பதில்: வேண்டாம். புது டயரின் சுற்றளவு அதிகம், அதனால் அது மற்றவற்றை விட மெதுவாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு கிலோமீட்டரும் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியலும், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் போனால், நான்கு டயர் செலவு ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

கேள்வி: மழைக்குப் பிறகு காருக்குள் புழுக்க வாடை. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரியும் இறங்கிவிடுகிறது. புது பேட்டரி போட்டும் அப்படியேதான். இரண்டும் வேறு வேறு பிரச்சினைகளா?

பதில்: ஒரே பிரச்சினை என்றுதான் நினைக்கிறேன். சன்ரூஃப் இருக்கிறதா? அதைச் சுற்றியுள்ள பள்ளத்தின் மூலைகளிலிருந்து மெல்லிய வடிகால் குழாய்கள் தூண்களுக்குள் இறங்கும். இலைத்தூசியில் அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் சேரும். பல மாடல்களில் கட்டுப்பாட்டு மாட்யூல்கள் எனும் மின்னணுப் பெட்டிகள் சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில்தான் இருக்கின்றன. நனைந்த மாட்யூல் தூங்காது, வண்டி நிற்கும்போதும் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது.

கார்ப்பெட்டை மேலே தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். ஓரத்தைத் தூக்கி அடியிலுள்ள நுரைப்பஞ்சை அழுத்துங்கள், தண்ணீர் ஊறி வரும். குழாயில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இணைப்பு கழன்றுவிட்டால் கூரைத் துணி முழுவதையும் இறக்க வேண்டி வரும். வளையக்கூடிய நைலான் இழையை மெதுவாக விட்டுச் சுத்தம் செய்த பிறகு, ஒவ்வொரு மூலையிலும் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, அது வண்டிக்குக் கீழே சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள்.