பொக்கே ரோஜா வேர் பிடிக்குமா?

*கல்யாண நாளுக்கு வந்த பொக்கேயிலிருந்த சிவப்பு ரோஜாக் குச்சிகளைத் தொட்டியில் நட்டேன். பத்து நாளில் துளிர்த்தன. பிறகு அடியிலிருந்து கறுத்துச் செத்துவிட்டன. என்ன தவறு செய்தேன்?*
– வாசகி, திருச்சி

துளிர் வந்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. குச்சிக்குள் மிஞ்சியிருக்கும் மாவுச்சத்தே கணுவிலுள்ள மொட்டை விரிய வைத்துவிடும். அது தீர்வதற்குள் அடியில் வேர் இறங்காவிட்டால் துளிரும் குச்சியும் சேர்ந்தே போகும். பொக்கே குச்சியில் அந்தச் சேமிப்பு ஏற்கெனவே குறைவு. ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடிலில் வெட்டிய ரோஜா, குளிரறையும் லாரியும் கடையும் கடந்து உங்கள் கைக்கு வரவே சில நாட்கள் ஆகிவிடும். ஆகவே பூ உதிரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு நாள் ரசித்துவிட்டு வெட்டிவிடுங்கள்.

பென்சில் கனமுள்ள, பச்சை மாறாத தண்டே தேவை. முள்ளைப் பக்கவாட்டில் தள்ளினால் 'டக்'கென்று சுத்தமாக ஒடிய வேண்டும். நார் உரிந்தால் தண்டு இன்னும் பிஞ்சு. தண்ணீரிலோ பச்சை ஸ்பாஞ்சிலோ மூழ்கியிருந்த அடிப்பகுதியை வெட்டி எறியுங்கள், அழுகல் அங்கிருந்துதான் ஏறும். பூவையும் அதன் கீழுள்ள மெல்லிய கழுத்தையும் நீக்கி, நடுவில் 15 செ.மீ. எடுங்கள், மூன்று, நான்கு கணு இருக்கட்டும். கீழ்வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக, மேல்வெட்டு கணுவுக்கு 1 செ.மீ. மேலே நேராக. இப்படி வெட்டினால் தலைகீழாக நட்டுவிடும் தவறும் நேராது. மேலே ஓர் இலை மட்டும் போதும், அதிலும் இரண்டு சிற்றிலைகள்.

கழுவிய தேங்காய் நார்க்கழிவும் ஆற்று மணலும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். மண்புழு உரம், சாணம் எதுவும் வேண்டாம். வேரில்லாத குச்சிக்கு உரம் பயன்படாது, வெட்டுவாயில் பூஞ்சணம்தான் பிடிக்கும். கலவையைக் கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. வேர் தூண்டும் பொடியில் (ஐ.பி.ஏ.) நடுத்தர முதிர்ச்சித் தண்டுக்கானதைக் கேட்டு வாங்கி, கொஞ்சம் தனியே கொட்டி அதில் தொட்டு, அதிகப்படியைத் தட்டிவிடுங்கள். பொடி அப்பிக்கிடந்தால் அடித்தோல் கருகும். முதலில் ஒரு குச்சியால் துளை போட்டு, அதில் இரண்டு கணு புதையும்படி நடுங்கள். நேரே குத்தினால் பொடி மேலேயே வழிந்துவிடும்.

அடி வெட்டிய இரண்டு லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்து மூடி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். தினமும் பத்து நிமிடம் மூடியைத் திறந்துவிடுங்கள். உதிர்ந்த இலையை உடனே எடுத்துவிடுங்கள். உங்கள் குச்சி கறுத்ததற்குப் பெரும்பாலும் காரணம் தினசரித் தண்ணீர்தான். இலைக்கு ஈரக் காற்று வேண்டும், அடிக்கு ஈரம் மட்டும் போதும், இரண்டையும் குழப்பிவிடுகிறோம். நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் வரும். அதற்கு முன் பிடுங்கிப் பார்க்காதீர்கள். ஒளி ஊடுருவும் டம்ளரில் நட்டால் வேர் வெளியிலிருந்தே தெரியும். பத்தில் மூன்று பிழைத்தாலே நல்ல பலன். சித்திரை, வைகாசி வெயிலில் முயலவே வேண்டாம். ஐப்பசி முதல் தை வரை தோதான காலம்.

*குச்சியை உருளைக்கிழங்கில் செருகி நட்டால் வேர் வருமா?*
– வாசகர், மதுரை

கிழங்கு அழுகும், இல்லையென்றால் அதுவே முளைக்கும். இரண்டுமே குச்சிக்குக் கேடு. ஈரம் பிடிக்க நார்க்கழிவு போதும்.

*ரோஜா தவிர பொக்கேயில் வேறு எது வளரும்?*
– வாசகி, ஈரோடு

கணு இருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்பரா, ஆந்தூரியம் இரண்டிலும் உங்கள் கைக்கு வருவது வெறும் பூக்காம்பு. அதில் துளிர்க்க மொட்டே இல்லை. மான்ஸ்டெராவின் தனி இலையும் அப்படித்தான், நீரில் மாதக்கணக்கில் பச்சையாக நின்றாலும் செடியாகாது.

மிகச் சுலபமானது, அழகுக்காகச் செருகும், மஞ்சள் ஓரமிட்ட பச்சை இலைகளுள்ள 'சாங் ஆஃப் இந்தியா' கிளை. தண்டோடு இருந்தால் தண்ணீரிலேயே வேர் விடும். நீரை மூன்று நாளுக்கொரு முறை மாற்றுங்கள். அடுத்தது சாமந்தி. பூத்த நுனியை விட்டுவிட்டு, இலைக்கக்கத்தில் கிளம்பியிருக்கும் பக்கத்துளிரை 7 செ.மீ. நீளத்தில் கிள்ளி நட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். இதற்கு நீண்ட இருட்டு கிடைத்தால்தான் பூ. தெருவிளக்கு படும் மாடியில் வைத்துவிட்டுப் பூக்கவில்லையே என்று வருந்துபவர்கள் நிறைய. கார்னேஷனும் பக்கத்துளிரில் வரும், ஆனால் சமவெளி வெயிலில் தள்ளாடும்.

*நீல ரோஜாக் குச்சி வேர் பிடித்துவிட்டது. நீலமாகவே பூக்குமா?*
– வாசகர், கோவை

பூக்காது. வெள்ளை ரோஜாவைச் சாயநீரில் நிறுத்தியோ சாயம் தெளித்தோ நீலமாக்குகிறார்கள். புதுத் துளிரில் அந்தச் சாயம் இருக்காது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி 2009-இல் விற்பனைக்கு விட்ட 'அப்ளாஸ்' ரோஜாகூட இளம் ஊதாதான். உங்கள் செடியில் வெள்ளைப் பூவை எதிர்பாருங்கள். அதுவும் பொக்கேயில் பார்த்த அளவு இருக்காது. பசுமைக்குடிலில் வேறு ரோஜாவின் வலுவான வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி வளர்த்த ரகம் இப்போது தன் சொந்த வேரில் நிற்கிறது. முதல் மூன்று மாதம் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள், செடி முதலில் கிளைக்கட்டும்.