ஆறு வேளையா, மூன்று வேளையா? அடுப்படியில் நின்றவளின் பதில்

“அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட்டும் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுக்கும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், சரிதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. ‘அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்’ என்ற இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் எழுதுகிறேன்.

2016-ல் என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பியபோது கையில் ஓர் உணவு அட்டவணை கொடுத்தார்கள். எட்டரைக்கு இட்லி, பதினொன்றுக்குச் சுண்டல், ஒன்றரைக்குச் சாப்பாடு, நாலரைக்கு பிஸ்கட், எட்டரைக்குச் சப்பாத்தி, படுக்கும் முன் பால். பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, ஆறு மாதம் ஒரு வேளை தவறாமல் செய்தேன்.

அவருக்கு எடை நான்கு கிலோ கூடியது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு 7.1-லிருந்து 7.9 ஆனது. டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் ஏறியிருந்தது. “நீ ஊற்றுகிற எண்ணெய்தான்” என்றார் நாத்தனார். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து வாங்குகிறவள் நான். எங்கள் வீடுகளில் ரிப்போர்ட் நன்றாக வந்தால் மருத்துவரின் கைராசி, மோசமாக வந்தால் மனைவியின் கைப்பக்குவம். அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சுண்டலைச் சேர்த்தீர்கள், இட்லியைக் குறைத்தீர்களா?” குறைக்கவில்லை. நான்கு இட்லி நான்காகவே இருந்தது, மதியச் சோறும் அப்படியே. வேளை கூடியதே தவிர அளவு பிரியவில்லை.

இது ஒரு வீட்டுக் கதைதானே என்று யாரும் சொல்ல வேண்டாம். என் மகள் ஆய்வுகளைத் தேடிப் படித்துச் சொன்னாள். 1989-ல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர், மூன்று வேளைக்கான அதே உணவை ஒரு நாளில் 17 பங்காகப் பிரித்து இரண்டு வாரம் கொடுத்தார்கள். கெட்ட கொழுப்பு 13.5 சதவீதம் குறைந்தது. ஆனால் சாப்பிட்டவர்கள் ஏழே ஆண்கள். 2014-ல் வெளியான பிராக் நகர ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. சர்க்கரை நோயாளிகள் 54 பேர், 12 வாரம் ஆறு சிறு வேளையும், 12 வாரம் காலை, மதியம் என இரண்டே வேளையும் சாப்பிட்டார்கள். இரண்டிலும் கலோரி ஒன்றுதான். இரண்டு வேளை முறையில்தான் எடையும் ஈரல் கொழுப்பும் அதிகம் குறைந்தன. இரு இடங்களிலும் மொத்த அளவைக் கணக்குப் பார்க்க ஆள் இருந்தார்கள். வீட்டில் அந்தக் கணக்கை யார் பார்ப்பது?

மருத்துவர் சொன்னபடி மூன்று வேளைக்குத் திரும்பினோம். பிஸ்கட்டும் இரவுப் பாலும் நின்றன. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு. அடுத்த பரிசோதனையில் 7.2. இதைப் படித்துவிட்டு நாளைக்கே வேளையைக் குறைத்துவிடாதீர்கள். அப்பா இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவரானால், போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். மருத்துவரைக் கேட்டே மாற்றுங்கள்.

இன்னொன்று. அன்று மருத்துவர் என் பக்கம் திரும்பி, “நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டார். அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் கொடுத்து, பாத்திரம் ஒழித்து, பத்தரை மணிக்கு மீந்த சோற்றை நின்றபடியே சாப்பிடுவேன். இரவில் சர்க்கரையைக் கையாளும் திறன் உடம்புக்குக் குறைவு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் எழுதிக் கொடுத்த இரத்தப் பரிசோதனையில், வெறும் வயிற்றில் எனக்குச் சர்க்கரை 138, இருக்க வேண்டியதைவிட அதிகம். ஆறு வேளை அட்டவணையில் எனக்கென்று ஒரு வேளைகூட இருந்ததில்லை. இப்போது ஏழு மணிக்கு அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

உங்கள் அம்மா இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், தம்பி? அவருக்குக் கடைசியாக எப்போது இரத்தப் பரிசோதனை செய்தீர்கள்?