மொட்டை மாடியில் ஆன்டெனா, தரைத்தளத்தில் சர்வர்: நடுவில் எந்த கேபிளை நீட்டுவது?

கேள்வி: மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல், நெட்வொர்க் இரண்டையும் நான்தான் பார்க்கிறேன். சிசிடிவி, கைரேகை வருகைப்பதிவு, ஜெனரேட்டர் பேனல், மின் மீட்டர் எல்லாம் ஆளுக்கொரு நேரம் காட்டுகின்றன. பிளான்ட் நெட்வொர்க்கில் இன்டர்நெட் கிடையாது, அதனால் ஒரு ஜிபிஎஸ் டைமிங் ரிசீவர் வாங்கினோம். ஆர்எஸ்-232 (சீரியல்) அவுட்புட், விநாடிக்கு ஒரு துடிப்பு தரும் பிபிஎஸ் அவுட்புட், 5 மீட்டர் கேபிளோடு சின்ன காந்த ஆன்டெனா. சர்வர் தரைத்தளத்தில் இருக்கிறது, கேபிள் போகிற வழியில் மாடிக்கு 40 மீட்டர். அதே மாதிரி மெல்லிய கேபிள் வாங்கி ஒட்டுப்போட்டு நீட்டினோம், ஒரு சாட்டிலைட்கூட வரவில்லை. எலக்ட்ரீஷியன் டிஷ் கேபிள் போடலாம் என்கிறார். நெட்வொர்க் பையன் ரிசீவரையே மேலே வைத்து சீரியல் கேபிளை இறக்கலாம் என்கிறான். எது சரி? இடி மின்னலுக்கு என்ன செய்வது?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் உங்கள் கட்டடத்துக்கு நான் நெட்வொர்க் பையன் பக்கம்தான், இரண்டே இரண்டு திருத்தத்தோடு: ரிசீவரை வெட்ட வெயிலில் வைக்காமல் மாடிப்படி ஹெட்ரூமுக்குள் வையுங்கள், கீழே இறக்குவது ஆர்எஸ்-232 ஆக இல்லாமல், ஜோடிக் கம்பியில் ஓடும் இன்னொரு சீரியல் முறையான ஆர்எஸ்-422 ஆக இருக்கட்டும்.

முதலில், நீங்கள் நீட்டியது ஏன் வேலை செய்யவில்லை என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஜிபிஎஸ் சிக்னல் வருவது 1575.42 மெகாஹெர்ட்ஸில், தரைக்கு வந்து சேரும்போது அதன் பலம் ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு. அதனால்தான் ஆன்டெனாவுக்குள்ளேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது, அதற்கான மின்சாரமும் ரிசீவரிலிருந்து அதே கேபிள் வழியாகத்தான் மேலே போகிறது. அந்த ஆம்ப்ளிஃபையர் சுமார் 28 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) கூட்டித் தரும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பென்சில் லீட் போன்ற அந்த மெல்லிய கேபிள் ஆர்ஜி-174 வகையாகத்தான் இருக்கும். இந்த அலைவரிசையில் அது மீட்டருக்கு ஒரு டெசிபலுக்கு மேல் தின்றுவிடும். 40 மீட்டர் போட்டால் 45 டெசிபல் பக்கம் போய்விடுகிறது, ஆக 28 கூட்டி 45 கழித்த கணக்கு. ஒட்டுப்போட்ட இடங்களில் போனது தனி. ரிசீவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

கேபிள் இழப்பு கொஞ்சம் இருப்பதால் மட்டும் குடி முழுகிவிடாது, அதையும் சொல்ல வேண்டும். மேலே ஆம்ப்ளிஃபையர் முதலிலேயே சிக்னலைத் தூக்கிவிடுவதால், அதற்குப் பிறகு கேபிளில் பத்து பன்னிரண்டு டெசிபல் போனாலும் ரிசீவர் தாங்கும். எல்லாம் கழித்து ரிசீவர் வாசலில் 15 முதல் 25 டெசிபல் மிச்சம் இருந்தால் பொதுவாக நிம்மதி, சரியான எண் உங்கள் ரிசீவரின் கையேட்டில் இருக்கும். இதே காரணத்துக்காகத்தான், நடுவில் போடும் லைன் ஆம்ப்ளிஃபையரை ஆன்டெனா பக்கத்திலேயே போட வேண்டும். கீழே ரிசீவர் பக்கத்தில் போட்டால் தேய்ந்துபோன சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும்.

இப்போது எலக்ட்ரீஷியன் யோசனை. டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள், டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை கொண்டுவருவதற்காகவே செய்தது. ஜிபிஎஸ் அதற்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. இழப்பு மீட்டருக்கு 0.3 டெசிபல் மாதிரி, 40 மீட்டருக்கு 12. கேபிள் 75 ஓம், ரிசீவர் 50 ஓம் ஆயிற்றே என்று யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதீர்கள், அந்தப் பொருத்தமின்மையால் போவது கால் டெசிபல்கூட இல்லை. டவுன்ஹால் ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அந்தக் காந்த ஆன்டெனாவின் 5 மீட்டர் வால் அப்படியே இருக்கும், அதிலேயே ஐந்தாறு டெசிபல் போய்விடுகிறது என்பதால் இந்த வழியில் போவதென்றால் கனெக்டர் வைத்த, 38 அல்லது 40 டெசிபல் டைமிங் ஆன்டெனாவாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அப்புறம் இரண்டு எச்சரிக்கை. ஏற்கெனவே மாடியில் டிஷ் இருக்கிறது, அந்த கேபிளிலேயே ஸ்ப்ளிட்டர் போட்டு ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்: செட்டாப் பாக்ஸ் அந்த கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது, 5 வோல்ட் ஆன்டெனா அந்த நிமிடமே போய்விடும். சாதாரண கேபிள் டிவி ஸ்ப்ளிட்டரையும் நடுவில் சேர்க்காதீர்கள், அதில் பெரும்பாலானவை 1000 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விடாது.

இது வேலை செய்யாது என்று சொல்லவில்லை, செய்யும். எனக்குப் பிடிக்காதது வேறு ஒன்று. மாடியிலிருந்து சர்வர் ரூம் வரை 40 மீட்டர் உலோக ஷீல்டு ஒரே துண்டாக இறங்கி உங்கள் ரிசீவரில், அதன் வழியாக சர்வரில் போய் முடிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கினால் அது நேராக எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சீரியல். ஆர்எஸ்-232 என்றால் 15 மீட்டர்தான் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். உண்மையான வரம்பு நீளத்தில் இல்லை, கேபிளின் கெபாசிட்டன்ஸில் (மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் தன்மையில்) இருக்கிறது, 2500 பிகோஃபாரட் வரை போகலாம். கேட்-5 அல்லது கேட்-6 நெட்வொர்க் கேபிள் மீட்டருக்கு 50 பிகோஃபாரட் பக்கம், ஆக 9600 பாட் வேகத்தில் 40, 50 மீட்டர் ஓடும், பல இடங்களில் ஓடிக்கொண்டும் இருக்கிறது. தொழிற்சாலையில் ஆபத்து எர்த்தில்தான். ஆர்எஸ்-232 சிக்னலை கிரவுண்டை வைத்துத்தான் அளக்கிறது. மாடியில் ஒரு எர்த், சர்வர் ரூமில் ஒரு எர்த், பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் எகிறும், அது உங்கள் சிக்னல் கிரவுண்ட் கம்பி வழியாக ஓடி போர்ட்டைச் சுட்டுவிடும். ஆர்எஸ்-422 இரண்டு கம்பிக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால், இரண்டு பக்க கிரவுண்டும் 7 வோல்ட் வரை விலகினாலும் அசையாது. அதற்கு மேலும் விலகும் என்று சந்தேகம் இருந்தால் ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் வாங்குங்கள், அந்தக் கூடுதல் காசு வீண் போகாது. தூரமும் பிரச்சினை இல்லை, இந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை பேசலாம்.

ஒரு கேட்-6 கேபிளில் நாலு ஜோடி இருக்கிறது. ஒன்றில் டேட்டா, ஒன்றில் பிபிஎஸ், ஒன்றில் ரிசீவருக்குக் கட்டளை, நாலாவதில் மின்சாரம். வாங்கும் முனையில் ஒவ்வொரு சிக்னல் ஜோடிக்கும் குறுக்கே ஒரு 100 ஓம் ரெசிஸ்டர். மின்சார ஜோடியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அந்த மெல்லிய கம்பியில் போய்வர 40 மீட்டருக்கு 7 ஓம் பக்கம் வரும். மேலே ரிசீவரும் ஆன்டெனாவும் கன்வெர்ட்டரும் சேர்ந்து 100 மில்லிஆம்பியர் இழுத்தால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும், கீழே 5 வோல்ட் கொடுத்தால் மேலே 4.3 தான் நிற்கும். பகலில் ஓடி ராத்திரியில் நிற்கிற மாதிரி விசித்திரமான கோளாறெல்லாம் இப்படித்தான் வருகிறது. கீழிருந்து 12 வோல்ட் அனுப்புங்கள், மேலே ஒரு சின்ன பக் கன்வெர்ட்டர் வைத்து 5 ஆக்கிக்கொள்ளுங்கள்.

பிபிஎஸ்ஸுக்கு ஆட்டோமேட்டிக் டைரக்‌ஷன் என்று போட்டு விற்கிற மலிவான ஆர்எஸ்-485 கன்வெர்ட்டரைப் போடாதீர்கள். அது வரிசையாக வரும் எழுத்துகளுக்காகச் செய்தது. ஒரு துடிப்பு 100 மில்லி விநாடி நின்றால் அதற்குக் குழப்பம். எப்போதும் ஒரே திசையில் ஓட்டுகிற சாதாரண ஆர்எஸ்-422 டிரைவர் போதும். அதேபோல சர்வரில் பிபிஎஸ்ஸை உண்மையான சீரியல் போர்ட்டின் டிசிடி பின்னில் கொடுங்கள். யுஎஸ்பி வழியாகப் போனால் ஒரு மில்லி விநாடி வரை ஆட்டம் வரலாம்.

கேபிளில் ஏற்படும் தாமதத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் யாராவது கிளப்புவார்கள். ஆர்ஜி-6 மீட்டருக்கு சுமார் 4 நானோ விநாடி, கேட்-6 மீட்டருக்கு 5. உங்கள் 40 மீட்டருக்கு அதிகபட்சம் 200 நானோ விநாடி. ரிசீவரில் ஆன்டெனா கேபிள் தாமதம் என்று ஒரு இடம் இருக்கும், அதில் எண்ணைப் போட்டால் முடிந்தது, கீழே வரும் பிபிஎஸ் தாமதத்தையும் அதிலேயே கூட்டிக்கொள்ளலாம். அதைப் போடாவிட்டாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக கேமராவுக்கும் மீட்டருக்கும் நேரம் போகும்போதே பத்து நூறு மைக்ரோ விநாடிகள் ஆடும். சிசிடிவி, வருகைப்பதிவு, ஜெனரேட்டர் பேனல் இவற்றுக்கெல்லாம் ஒரு மில்லி விநாடி தாராளம்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் மூன்றாவது வழி ஒன்றும் தெரியும். மாடி கேமராக்களுக்காக ஏற்கெனவே ஃபைபர் மேலே போயிருந்தால், ஹெட்ரூமிலேயே ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு சின்ன கம்ப்யூட்டரை வைத்து, ரிசீவரை அதில் அரை மீட்டர் கம்பியில் இணைத்து, கீழே வெறும் என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரம் சொல்லும் முறை) மட்டும் அனுப்புங்கள். கண்ணாடி இழையில் மின்னல் இறங்காது. ஃபைபர் இருந்தால் நான் இதைத்தான் செய்வேன், இல்லையென்றால் இதற்காக மட்டும் புதிதாக இழுக்கச் சொல்ல மாட்டேன்.

ஹெட்ரூம் என்று வற்புறுத்துவது வெயிலுக்காக. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் கையை வைத்துப் பாருங்கள், அதற்குள் எந்த எலக்ட்ரானிக்ஸும் ரொம்ப நாள் நிற்காது. ஹெட்ரூம் சுவரில், நிழலில், காற்று போகிற பெட்டியில் ரிசீவர் இருக்கட்டும். ஆன்டெனாவின் 5 மீட்டர் கேபிள் அங்கிருந்து ஹெட்ரூம் கூரைக்குத் தாராளமாகப் போதும், ஒட்டே வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்கும் தகர ஷீட்டுக்கும் தள்ளி, நாலு பக்கமும் வானம் தெரிகிற இடமாகப் பாருங்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழ்ப்பக்கமாக ஒரு வளைவு கொடுத்தால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வெளியில் போகும் பகுதியை பிவிசி பைப்புக்குள் விடுங்கள், வெயிலுக்கு மட்டுமில்லை, அணிலுக்காகவும்.

மின்னலுக்கு: ஆன்டெனா கட்டடத்தின் மிக உயரமான பொருளாக இருக்கக் கூடாது, இடிதாங்கியின் பாதுகாப்புக்குள் இருக்க வேண்டும், ஆனால் இடிதாங்கிக் கம்பியை ஒட்டியும் கட்டக் கூடாது. ஆன்டெனா கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் ஜிபிஎஸ் அலைவரிசைக்கு ஏற்ற, டிசி மின்சாரத்தைக் கடத்திவிடுகிற கேஸ் டியூப் அரெஸ்டர் (எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடுவது). கேட்-6 கேபிளுக்கு இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. இவற்றின் எர்த் கம்பி தடிமனாகவும் குட்டையாகவும் போய்க் கட்டடத்தின் எர்த்தோடு சேர வேண்டும். இதற்கென்று தனியாக ஒரு குழி தோண்டி, மற்றதோடு இணைக்காமல் விட்டால் எதுவும் போடாமல் இருப்பதைவிட மோசம். நேராக விழும் இடியை இது எதுவும் தடுக்காது, பக்கத்தில் விழுவதிலிருந்து காப்பாற்றும்.

வேலையை முடிப்பதற்கு முன் இரண்டு சோதனை. முதலில் லேப்டாப்பை ஹெட்ரூமுக்கு எடுத்துப்போய் ரிசீவரை நேராக இணைத்து, ஒவ்வொரு சாட்டிலைட்டின் சிக்னல் எண்ணையும் பாருங்கள். உயரத்தில் இருப்பவை 40க்கு மேல் காட்ட வேண்டும். அதை எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் தண்ணீர் இறங்கினாலோ கனெக்டர் துருப்பிடித்தாலோ ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் பங்குனி, புரட்டாசி மாதிரி மாதங்களில் இருட்டிய பிறகு இந்த எண்கள் தாறுமாறாக ஆடினால் உடனே கேபிளைக் கழற்றாதீர்கள். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போவதால் மேலே அயனி மண்டலம் அந்த நேரத்தில் கொந்தளிக்கும், சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். ரிசீவரை நிலையான இடத்தில் இருப்பதாகச் சொல்லி டைமிங் மோடில் வைத்திருந்தால் ஒரே ஒரு சாட்டிலைட் மிச்சம் இருந்தாலும் நேரம் வந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, கீழே எல்லாம் இணைத்த பிறகு நேரத்தை வேறொரு நம்பகமான கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள், இன்டர்நெட் வரும் ஒரு லேப்டாப் போதும். மிகச் சரியாக 100 மில்லி விநாடி தள்ளி நின்றால் பிபிஎஸ் ஜோடியில் இரண்டு கம்பியும் இடம் மாறியிருக்கிறது. துடிப்பு தலைகீழாகி, அதன் தொடக்கத்துக்குப் பதில் முடிவை சர்வர் பிடித்துக்கொள்கிறது. உங்கள் ரிசீவரின் துடிப்பு அகலம் 200 என்றால் 200 தள்ளும். கன்வெர்ட்டரில் ஏ, பி என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாற்றிப் போடுகிறார்கள். இரண்டு கம்பியையும் மாற்றிச் சொருகினால் போதும்.