ஜூம் லென்ஸுக்கு மோட்டார் தேவையா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பித்தளை நாசில்களின் துளையை அளக்க ஜூம் லென்ஸ் கேமரா வாங்கப்போகிறேன். துளைகள் 1.5, 3, 5 மி.மீ. என மூன்று வகை. ஒரு நாளில் நாலைந்து தடவை வகை மாறும். மோட்டார் ஜூம்தான் துல்லியம் என்கிறார் டீலர். கையால் திருப்புவதைப்போல் இரண்டரை மடங்கு விலை சொல்கிறார். எதை வாங்கட்டும்?

பதில்: கையால் திருப்புவதையே வாங்குங்கள், க்ளிக் விழுகிற வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே மாடல் என்றால் உள்ளே இருக்கும் கண்ணாடி இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றேதான். உங்கள் விரல் திருப்பும் வளையத்தை மோட்டார் திருப்புகிறது, அவ்வளவுதான். காலையில் நின்ற இடத்திலேயே வளையம் மதியமும் வந்து நிற்கிறதா என்பதுதான் உங்கள் கவலையாக இருக்கவேண்டும். உருப்பெருக்கம் ஒரு சதவீதம் நகர்ந்தாலும் 5 மி.மீ. துளை திரையில் 5.05 என்று காட்டும். டிராயிங்கில் டாலரன்ஸ் (அனுமதிக்கும் வித்தியாசம்) 0.02 மி.மீ. என்றால் நல்ல சரக்கெல்லாம் ரிஜெக்ட் பெட்டிக்குப் போய்விடும்.

க்ளிக் வகையில் சின்னக் குண்டு ஒன்று குழியில் விழுந்து வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு மூன்று க்ளிக் போதும். 'நான் கேட்கும் பெருக்கத்தில் க்ளிக் இல்லையே' என்று பலர் தயங்குவார்கள். துளை படத்தில் பெரிதாக, முழுதாகத் தெரிந்தால் போதும், பெருக்கம் முழு எண்ணாக இருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு க்ளிக்கிலும் கண்ணாடி ஸ்கேலை (கண்ணாடியில் நுண்ணிய கோடுகள் பொறித்த அளவுகோல்) வைத்து, திரை காட்டும் அளவை அதோடு பொருத்திச் சரிசெய்து, சாஃப்ட்வேரில் தனித்தனிப் பெயரில் சேமியுங்கள். வளையத்தில் நெயில் பாலிஷால் மூன்று நிறப் புள்ளி வையுங்கள். எப்போதும் ஒரே பக்கமிருந்து திருப்பி க்ளிக்கில் விழவிடுங்கள். வகை மாறும்போதெல்லாம் ஸ்கேலை வைத்து ஒரு தடவை சரிபாருங்கள். குண்டும் குழியும் நாளடைவில் தேயும், அதைக் காட்டிக்கொடுப்பது இந்த ஸ்கேல்தான்.

ஒவ்வொரு நாசிலுக்கும் ஜூம் மாறவேண்டும் என்றாலோ, கை எட்டாத இடத்தில் கேமரா இருந்தாலோ மோட்டார்தான். அதிலும் ஹோம் சென்சார் (தொடக்க இடத்தைக் காட்டுவது) உள்ள ஸ்டெப்பர் மோட்டாராக, அதாவது அடி அடியாக எண்ணித் திரும்பும் மோட்டாராகக் கேளுங்கள். கரண்ட் போய் வந்தால் ஸ்டெப்பருக்குத் தான் நின்ற இடம் தெரியாது. சென்சாரைத் தொட்டுவிட்டுத்தான் மறுபடி எண்ணத் தொடங்கும்.

இனி நான் பயப்படும் இடம். நம் ஊர் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சிசிடிவிக்கான மோட்டார் லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். இடைத்தரகர்கள் சிலர் அதை ஸ்டாண்டில் மாட்டி 'இண்டஸ்ட்ரியல் மோட்டார் ஜூம்' என்று விற்றுவிடுகிறார்கள். அது தூரத்தில் நிற்கும் ஆளைப் பார்க்கச் செய்தது. ஜூம் மாற்றினால் ஃபோகஸ் போய்விடும், அளவெடுக்க உதவாது. பெட்டியில் '180 மடங்கு' என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள், மானிட்டரையும் சேர்த்துப் பெருக்கிய கணக்கு அது. அளவெடுக்கும் ஜூம் லென்ஸ்களில் பலவற்றின் சொந்தப் பெருக்கம் 0.7 முதல் 4.5 வரைதான். கேமராவின் 'அரை அங்குல' சென்சார் பெயருக்குத்தான் அரை அங்குலம், அதன் அகலம் 6.4 மி.மீ. ஆகவே 0.7-இல் ஏறக்குறைய 9 மி.மீ., 4.5-இல் 1.4 மி.மீ. படத்தில் அடங்கும். அதாவது உங்கள் 1.5 மி.மீ. துளைகூட உச்ச ஜூமில் முழுதாகத் தெரியாது. அந்த உச்சத்துக்காகவா கூடுதல் பணம் கொடுப்பீர்கள்?

மோட்டாரின் கன்ட்ரோலரை டீலரின் சாஃப்ட்வேர் மட்டுமே இயக்கும் என்றால் வாங்கவே வாங்காதீர்கள். அவர் கடையை மூடிய அன்றே உங்கள் மெஷினும் நின்றுவிடும்.

சரக்கு எடுக்கும் சில கம்பெனிகளின் ஆடிட் படிவத்தில் 'தானியங்கி' என்ற கட்டத்துக்கு மதிப்பெண் இருக்கிறது. அதற்காகவே கடன் வாங்கி மோட்டார் போட்ட பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். கடைசியாக ஸ்கேலை எப்போது வைத்துப் பார்த்தீர்கள் என்று அந்தப் படிவம் ஒரு வரிகூடக் கேட்பதில்லை. எத்தனை வருடமாகச் சொல்லியாகிறது!

அட்வான்ஸ் கொடுக்குமுன் உங்கள் மூன்று நாசில்களோடு டீலரிடம் போங்கள். க்ளிக்கை மாற்றி, திரும்பக் கொண்டுவந்து, ஒரே துளையைப் பத்துத் தடவை உங்கள் கையாலேயே அளந்து பாருங்கள். பத்து அளவும் 0.005 மி.மீ.க்குள் நின்றால் வாங்கலாம். நிற்காவிட்டால் வேறு லென்ஸை மாட்டச் சொல்லி மறுபடி பத்துத் தடவை அளங்கள்.