நான்கு கொம்புள்ள கருப்புப் பை

கேள்வி: கடற்கரையில் உள்ளங்கை அளவில் ஒரு கருப்புத் தோல் பை கிடந்தது. நான்கு மூலையிலும் கொம்புகள். கடற்பாசியா, செத்துப்போன பூச்சியா?

பதில்: இரண்டும் இல்லை, அது முட்டைக்கூடு. கொம்பு விறைப்பாக இருந்தால் முட்டையிடும் திருக்கை இனத்தின் கூடு. மூலைகளில் கொடிபோலச் சுருண்ட இழைகள் இருந்தால் பூனைச்சுறாவுடையது. அந்த இழைகள்தான் கூட்டைப் பாசியில் கட்டிவைக்கும். குஞ்சு உள்ளேயே பல மாதங்கள் மஞ்சள்கருவைத் தின்று வளரும்.

காய்ந்து சுருங்கியிருந்தால் தண்ணீரில் ஊறவிடுங்கள், பழைய வடிவம் திரும்பும். நான் எப்போதும் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பேன். பிளவு இருந்தால் குஞ்சு வெளியேறியிருக்கும், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பிளவில்லாமல் ஈரமாக, கனமாக இருந்தால் உள்ளே உயிர் இருக்கலாம். தயவுசெய்து உடனே கடலில் விட்டுவிடுங்கள்.