வீட்டு கம்ப்யூட்டருக்கான ஹார்ட் டிஸ்க்கை ஆபீஸ் சர்வரில் போடலாமா? விலை பாதிதானே?

போடலாம், ஓடவும் செய்யும். ஒரு வருடத்துக்கு வித்தியாசமே தெரியாது, வம்பே அதில்தான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் பில்லிங் சர்வருக்கு நாலு டிஸ்க்கில் ரெய்டு 5 கேட்டார், அதாவது நாலையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து டேட்டாவைத் திரட்டிக்கொள்ளும் ஏற்பாடு. நான் சொன்ன விலையைக் கேட்டதும் நேராக ரிச்சி ஸ்ட்ரீட் போய் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் நாலு வாங்கி வந்து, "அதுவும் 4 டிபி, இதுவும் 4 டிபி, போடுப்பா" என்றார். போட்டுக் கொடுத்தேன், தப்பில் எனக்கும் பங்கு உண்டு. தீபாவளி வியாபாரம் சூடுபிடித்த நேரம் பார்த்து டிஸ்க்குகளை மேய்க்கும் ரெய்டு கார்டு ஒரு டிஸ்க்கைக் கெட்டுப்போனதென்று கூட்டிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. கழற்றித் தனியாகச் சோதித்தால் டிஸ்க் உயிரோடுதான் இருக்கிறது!

விஷயம் என்னவென்றால், டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டரை, அதாவது டேட்டா இருக்கும் ஒரு சின்னத் துண்டை, படிக்க முடியாவிட்டால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், சில சமயம் நிமிடக்கணக்கில். வீட்டில் அது சரிதான், வேறு நகல் ஏது? நாஸ் (நெட்வொர்க்கில் பலரும் பகிரும் சேமிப்புப் பெட்டி), சர்வர் ஆகியவற்றுக்கான டிஸ்க் சுமார் 7 விநாடியில் கைவிட்டுவிடும், மற்ற டிஸ்க்குகளிலிருந்து கார்டு அதைத் திரட்டிக்கொள்ளும். பதிலே வராத டிஸ்க்கைக் கார்டு செத்ததாகக் கணக்கெழுதிவிடும்.

சரி என்று புதிதாக ஒன்றைப் போட்டால், ரீபில்டு, அதாவது புது டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்ப நிரப்பும் வேலை, நாள் கணக்கில் நகரவே இல்லை. அது எஸ்எம்ஆர் டிஸ்க். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி அதில் டிராக்குகள் (டேட்டா எழுதும் வட்டக் கோடுகள்) ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும், நடுவில் ஓடு ஒன்றை மாற்ற மேலே இருப்பதையெல்லாம் எடுத்து அடுக்க வேண்டும். டிராக்குகள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை. நாஸ் என்று எழுதியிருந்தாலும் நம்பிவிடாதீர்கள்; வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையிலேயே சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று 2020-இல் தெரியவந்து பெரிய கலாட்டா ஆனது. இப்போது ரெட் பிளஸ் என்றால் சிஎம்ஆர். சீகேட்டில் அயன்வுல்ஃப் வாங்கலாம்.

ஆர்பிஎம்மை (டிஸ்க் சுழலும் வேகத்தை) மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டேட்டாஷீட்டில் வேறு மூன்றைப் பாருங்கள்: சிஎம்ஆரா, வருடத்துக்கு எத்தனை டிபி எழுதிப் படிக்கலாம், வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடலாம். சீகேட்டின் டெஸ்க்டாப் டிஸ்க்கான பாரகுடாவுக்கு 55 டிபி, 2400 மணி, அதாவது நாளுக்கு ஆறரை மணி நேரம். அயன்வுல்ஃபுக்கு 180 டிபி, ராப்பகலாக ஓடலாம். அவர்களின் சர்வர் டிஸ்க்கான எக்ஸோஸுக்கு 550 டிபி, ஐந்து வருட வாரண்டி, ஆனால் சத்தம் போடும், படுக்கிற அறையில் வைக்காதீர்கள்.

அப்புறம், மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய எஸ்ஏஎஸ் (சர்வர்களுக்கென்றே உள்ள வேறு வகை இணைப்பு) டிஸ்க்கைத் தூக்கி வந்துவிடாதீர்கள், சாதா மதர்போர்டில் செருகவே முடியாது.

ஜவுளிக்கடை அண்ணனின் பில் கணக்கு முந்தின ராத்திரி பேக்கப்பால் பிழைத்தது. அந்த டெஸ்க்டாப் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக பில் போடும் கம்ப்யூட்டர்களில் மாட்டிவிட்டேன், அங்கே இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்றன.