பிஎச்டி சேர்ந்தாச்சு, அப்புறம்?

பிஎச்டியில் சேர்ந்து இன்னும் ஆறு மாதம் ஆகாதவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில.

கேள்வி: சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கைடு (ஆய்வு நெறியாளர்) "நிறையப் படிம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார். எதைப் படிப்பது?

பதில்: என் கைடும் இதையேதான் சொன்னார், நானும் மூன்று மாதம் கண்ணில் பட்ட பிடிஎஃப்பை எல்லாம் இறக்கி லேப்டாப்பை நிரப்பினேன், படித்தது பத்துகூடத் தேறாது. முதலில் சோத்கங்கா தளத்துக்குப் போங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தலைப்புக்குப் பக்கத்தில் வருகிற நான்கைந்தை எடுத்து, முன்னாய்வுகளைப் பற்றிய அத்தியாயத்தையும் முடிவுரையையும் மட்டும் படியுங்கள். யாரையெல்லாம் படிக்க வேண்டும் என்பது முதலாவதில் இருக்கும். முடிவுரையில் "இனிச் செய்யத்தக்க ஆய்வுகள்" என்று பெரும்பாலும் ஒரு பத்தி இருக்கும், உங்களுக்கான வேலை அங்கேயே கிடந்தாலும் கிடக்கும். படித்ததை ஸோட்டீரோ என்கிற, படித்த கட்டுரைகளைத் தொகுத்து வைக்கும் மென்பொருளில் சேர்த்து (காசு கிடையாது), ஒவ்வொன்றுக்கும் சொந்த வார்த்தையில் மூன்று வரி எழுதி வையுங்கள். மூன்றாம் வருடம் அந்த மூன்று வரிதான் காப்பாற்றும்.

அப்புறம் கைடிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய், "இந்த இரண்டில் எதைத் தொடரட்டும் சார்?" என்று கேளுங்கள், பதில் வரும். பேராசிரியர் என்றால் ஒரே நேரத்தில் 8 ஆய்வாளர்கள் வரை வைத்துக்கொள்ளலாம், உங்கள் தலைப்பே அவருக்கு மறந்திருக்கலாம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கியிருக்கிறேன், சேர்ந்து ஐந்து மாதமாகியும் பணம் வரவில்லை. வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: கேட்கத்தான் செய்வார்கள். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் என்று ஊருக்கே தெரியும், அது எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. முதல் பணம் தாமதமாவது சகஜம். சேர்ந்ததற்கான கடிதம் போய்ச் சேர்ந்ததா, மாதாமாதம் உங்கள் நிறுவனம் இணையத்தில் உறுதி செய்கிறதா, இந்த இரண்டையும் அலுவலகத்தில் நேரில் போய்ப் பாருங்கள். போனில் கேட்டால் "அனுப்பியாச்சு" என்பார்கள். நிலுவை மொத்தமாக வந்து சேரும், ஆனால் அதை நம்பி இஎம்ஐயில் பைக் எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: கோர்ஸ் வொர்க் (பிஎச்டி தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்கள்) எல்லாம் எம்ஏவில் படித்ததுதான். கட் அடிக்கலாமா?

பதில்: கூடாது. குறைந்தது 12 கிரெடிட், அதில் 55 சதவீத மதிப்பெண் எடுத்தால்தான் மேலே தொடர முடியும். அசைன்மென்ட்டை உங்கள் தலைப்பிலேயே எழுதிக் கொடுங்கள், பிறகு ஆய்வேட்டுக்கு உதவும்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. மாமியார் "முடிக்க முடியுமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கும் சந்தேகமாக இருக்கிறது.

பதில்: முடியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி பொதுவாக 6 வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கும் மேல் 2, ஆக மொத்தம் 10 வருடத்துக்குள் முடித்தால் போதும். பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரை எடுக்கலாம். ஆனால் "சார், கொஞ்ச நாள் வரமாட்டேன்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், கைடு மாறினால் உங்களிடம் சாட்சி இருக்காது. விண்ணப்பம் எழுதி, சீல் வைத்த நகலை வாங்கி வையுங்கள். மாமியாரிடம் 10 வருடக் கணக்கை மட்டும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: நான் வரலாற்றுத் துறை. 3,000 ரூபாய் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. கட்டலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு வாரத்தில் யார் அதைப் படித்துப் பார்த்திருப்பார்கள்? ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை கட்டாயம் என்பதை யுஜிசி 2022-லேயே எடுத்துவிட்டது, உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் அதன் விதிப் புத்தகத்தில் பாருங்கள். கேட்டாலும் முதல் வருடத்தில் அவசரமில்லை. அந்த 3,000 ரூபாயை பஸ் செலவுக்கு வைத்துக்கொண்டு, பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் இருக்கிற சென்னை தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் ஒரு வாரம் போய் உட்காருங்கள்.